செதில் வால் மக்கர் பண்ணினால்: டிராகன் வாலுக்கு அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழிமுறை

பள்ளி ஆண்டுவிழா நாடகம், குலசை தசரா வேஷம், சென்னை காமிக் கான் என்று எதற்குச் செய்தாலும், உலோகச் செதில்களை வளையத்தில் கோத்துப் பின்னிய டிராகன் வால் திரும்பத் திரும்பக் கெடுவது பத்துப் பன்னிரண்டு விதத்தில்தான். தொண்டியிலிருந்து பாம்பன், கீழக்கரை, சாயல்குடி வரைக்கும் உள்ள கரையில் அதோடு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தையே அரித்து, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வைத்த காற்று அது. 0.8 மி.மீ. செதில் அதற்கு எம்மாத்திரம்!

உங்கள் வாலில் தெரியும் அறிகுறியைக் கீழே தேடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில். கணக்கு சொல்லும் இடமெல்லாம் இந்த அளவு வாலை வைத்துச் சொன்னது: 22 மி.மீ. அகலம், 38 மி.மீ. நீளம், 8 மி.மீ. துளை உள்ள பெரிய செதில் 600. 16 கேஜ் (1.6 மி.மீ.) கம்பியில் 6.4 மி.மீ. உள்விட்ட வளையம் 1,200. எல்லாம் அலுமினியம் என்றால் எடை ஏறக்குறைய 800 கிராம். வளையத்தை மட்டும் எவர்சில்வராக மாற்றினால் 1.1 கிலோ. செதிலும் எவர்சில்வர் என்றால் 2.3 கிலோ.

## எதைத் தொடும் முன்பும்

பெல்ட்டையும் உள்ளே இருக்கும் தண்டையும் கழற்றுங்கள். வாலை உதறி மணலை வெளியேற்றி, வெள்ளைத் துணி விரித்த மேஜையில் செதில் மேலே தெரியப் படுக்க வையுங்கள். மண் தரையில் வைத்துப் பிரித்தால் உதிரும் வளையத்தைத் தேடவே சாயங்காலம் ஆகிவிடும்.

கையில் இருக்க வேண்டியது: வாயில் பல் இல்லாத மூக்குக் கொறடு இரண்டு, சிறு காந்தம், கலர் நூல், பழைய நைலான் சேலைத் துண்டு ஒன்று. பல் உள்ள கொறடுதான் இருக்கிறதென்றால் அதன் வாயில் இன்சுலேஷன் டேப் இரண்டு சுற்று சுற்றுங்கள். இல்லாவிட்டால் அனோடைஸ் நிறத்தில் (மின்சாரம் பாய்ச்சி அலுமினியத்தின் மேல் ஏற்றும் நிறப்படலம்) கடி விழும். அந்தக் கடியை மறைக்க வழி கிடையாது.

## அறிகுறி: செதில் உதிர்கிறது, பின்னலில் ஓட்டை விழுகிறது

தரையில் என்ன விழுந்து கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். வழி அங்கேயே பிரிகிறது.

செதில் மட்டும் விழுந்தது, வளையம் வாலிலேயே தொங்குகிறது. வளையத்தின் வாய் சரியாக மூடவில்லை. வளையக் கம்பி 1.6 மி.மீ. தடிப்பு, ஆனால் செதிலின் விளிம்பு 0.8 மி.மீ.தான். ஆகவே இன்னொரு வளையம் நழுவ முடியாத இடுக்கிலும் செதில் நழுவிவிடும். கண்ணுக்கு மூடியதாகத் தெரியும் வாயில் நகத்தைக் குறுக்கே ஓட்டுங்கள். படி தட்டினாலோ நகம் மாட்டினாலோ அந்த வளையம் கணக்கில் சேராது.

மூடும் விதம் முக்கியம். இரு முனையையும் இரு கொறட்டில் பிடித்து, முன்னும் பின்னுமாகத் திருகித்தான் மூட வேண்டும். பக்கவாட்டில் விரித்துத் திறந்த வளையம் மறுபடி வட்டத்துக்கு வராது. முனைகள் சந்திக்கும் இடத்தைச் சற்றுத் தாண்டி, ஒன்றையொன்று உரசும்படி உள்ளே அழுத்திக்கொண்டே திரும்பக் கொண்டுவாருங்கள். உரசும்போது ‘டிக்’ என்று கையில் ஒரு சின்னத் துடிப்பு தெரியும். நேராகக் கொண்டுவந்து விட்டுவிட்டால் கம்பியின் துள்ளல் அதை முடி அளவு திறந்துவிடும்.

செதிலும் வளையமும் சேர்ந்து விழுந்தன. வாய் 1.6 மி.மீ.க்கு மேல் திறந்திருக்கிறது, அதாவது ஏதோ இழுத்திருக்கிறது. ஓட்டை இருக்கும் இடமே காரணம் சொல்லும். பெல்ட்டுக்கு அடுத்த நாலைந்து வரிசையில் என்றால் வாலோடு நாற்காலியிலோ பஸ் சீட்டிலோ உட்கார்ந்திருக்கிறார்கள். நுனிக்குப் பக்கத்தில் என்றால் யாரோ மிதித்திருக்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே மருந்து: மேல் ஆறு வரிசைக்கும் நுனி நாலு வரிசைக்கும் எவர்சில்வர் வளையம் போடுங்கள். வால் முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

வளையம் இரண்டு துண்டாகக் கிடக்கிறது. இது மூடாத குற்றம் இல்லை. அலுமினியம் என்றால் ஒரே வளையத்தைப் பலமுறை திறந்து மூடியதில் களைத்து ஒடிந்திருக்கும். இரண்டு முறைக்கு மேல் திறந்த அலுமினிய வளையத்தைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், விலை சொற்பம்தான். பித்தளை என்றால் கீழே பித்தளைப் பகுதியைப் பாருங்கள்.

தொழில்காரரிடம் போக வேண்டிய கட்டம்: மேல் வரிசை எவர்சில்வர் வளையங்களும் திறந்துகொண்டே இருந்தால், அந்த 30 வளையத்தை மட்டும் லேசர் மெஷின் வைத்திருக்கும் நகைப் பட்டறையில் பற்றவைத்து வாங்கலாம். கேஸ் பர்னர் வைத்து வீட்டில் முயல வேண்டாம். பக்கத்தில் இருக்கும் அனோடைஸ் செதிலின் நிறம் வெந்துவிடும்.

## அறிகுறி: வால் ஒரு பக்கமாகச் சாய்கிறது அல்லது முறுக்கிக்கொள்கிறது

பின்னல் பிழையா, பெல்ட் பிழையா என்று பிரிக்க ஒரே சோதனை போதும். வாலைப் பெல்ட்டிலிருந்து கழற்றி, ஒரு நேர்க்கம்பில் மேல் வரிசை முழுவதையும் கட்டித் தொங்கவிடுங்கள். பக்கத்தில் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள், நூலில் கட்டிய நட்டு கூடப் போதும். வால் நூலோடு நேராக நின்றால் பெல்ட்டில்தான் கோளாறு, அந்தப் பகுதிக்குப் போங்கள்.

நேராக நிற்கவில்லை என்றால் செதில்களை எண்ணுங்கள். செதில் வரிசைகள் அரைச்செதில் தள்ளித் தள்ளி உட்காருவதால், அடுத்தடுத்த இரண்டு வரிசைகளுக்கு வித்தியாசம் சரியாக ஒன்று இருக்க வேண்டும். அகலம் மாறாமல் போகும் இடத்தில் 15, 14, 15, 14. குறுகும் இடத்தில் 15, 14, 13. மெல்லக் குறுக வேண்டுமானால் 15, 14, 15, 14, 13, 14, 13, 12. எங்கேனும் 14, 14 என்று ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் அந்த இடத்திலிருந்து கீழே வால் அரைச்செதில் ஒரு பக்கம் தள்ளிப்போகும். அப்படி மூன்று இடம் இருந்தால் நடக்கும்போது வால் கதவுச்சட்டத்தில் இடிக்கும். எண்ணிக்கையைச் சாக்பீஸால் மேஜை ஓரத்தில் வரிசைக்கு வரிசை எழுதிக்கொண்டே போங்கள். மனக்கணக்கு இருபதாவது வரிசையில் காலை வாரும்.

எண்ணிக்கை சரி, ஆனாலும் முறுக்குகிறது என்றால் ஏதோ ஒரு வளையம் தவறான ஆளைப் பிடித்திருக்கிறது. உள்பகுதியில் எந்தச் செதிலை எடுத்தாலும் அதன் துளையில் நாலு வளையம் இருக்க வேண்டும், மேலே இரண்டு, கீழே இரண்டு. ஒவ்வொரு வளையமும் இரண்டு செதிலையும் இரண்டு வளையத்தையும் பிடித்திருக்க வேண்டும். மூன்றைப் பிடித்தது ஓட்டை விடும், ஐந்தைப் பிடித்தது சுருக்கும். வாலைப் புரட்டிப் போட்டு, உள்பக்கம் ஒரு கலர் நூலைச் சரிவு வரிசையில் வளையம் வளையமாக விட்டுக்கொண்டே போங்கள். நூல் எங்கே வளைகிறதோ அங்கே பிழை.

பிழை பத்து வரிசை தள்ளி உள்ளே இருந்தாலும் அதுவரை பிரிக்க வேண்டாம். அந்தப் பிழை வளையத்தை மட்டும் வெட்டி எடுத்து, புது வளையத்தைச் சரியான நாலில் போட்டால் போதும். எண்ணிக்கைப் பிழைக்கு அந்தச் சலுகை இல்லை. அதற்குக் கீழே உள்ளது எல்லாவற்றையும் பிரித்துத்தான் ஆக வேண்டும். மேடையில் இருபதடி தள்ளிப் பார்ப்பவருக்கு ஒரு 14, 14 கண்ணில் படாது, ஒன்றே ஒன்று என்றால் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி: வெள்ளை பூத்திருக்கிறது

இந்தக் கரையில் அதிகம் வரும் புகார் இதுதான். வெள்ளையில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

ஈரமான விரலால் வெள்ளையைத் தொட்டுத் தேயுங்கள். கரைந்து போனால் வெறும் உப்பு. கரையாமல் மாவு மாதிரி நின்றால் அலுமினியம் அரிக்கத் தொடங்கிவிட்டது.

வெறும் உப்பு என்றால் கழுவினால் போதும், ஆனால் எந்தத் தண்ணீரில் என்பதுதான் கேள்வி. கரையோர ஊர்களில் போர் தண்ணி பெரும்பாலும் உப்பு. அதில் கழுவிக் காயவைத்தால் கழுவாததற்குச் சமம். காவிரிக் கூட்டுக்குடிநீர்க் குழாய்த் தண்ணீரோ கேன் தண்ணீரோ எடுங்கள். அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் 5 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து, வாலை 15 நிமிடம் ஊறவிட்டு, அவ்வப்போது கையால் அலசி, பழைய டூத் பிரஷால் செதிலுக்கு அடியில் தேயுங்கள். செதில் ஒன்றின்மேல் ஒன்று கவிந்திருக்கும் இடுக்கில்தான் உப்புத்தண்ணீர் தங்கும். பிறகு இரண்டு தடவை நல்ல தண்ணீரில் அலசுங்கள், கடைசி அலசல் கேன் தண்ணீராக இருக்கட்டும். உதறி, துண்டில் சுருட்டி ஒத்தி, மின்விசிறிக்குக் கீழே செதில் தொங்கும் நிலையில் ஒரு ராத்திரி காயவிடுங்கள்.

சபீனா, சோப்புச்சோடா, புளி, எலுமிச்சை, ப்ளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட் எதுவும் அனோடைஸ் அலுமினியத்தின் பக்கத்தில் வரக்கூடாது. காரமும் அமிலமும் அந்த நிறப்படலத்தைத் தின்றுவிடும். பித்தளைக் குத்துவிளக்குக்கு உதவும் புளி இதற்கு எமன்.

கரையாத மாவு என்றால் எங்கே பூத்திருக்கிறது என்று பாருங்கள்.

செதில் முழுவதும் சீராக, லேசாக இருந்தால் அனோடைஸ் செய்யாத வெற்று அலுமினியம். மேலே சொன்னபடி கழுவித் துடைத்தால் பல மாதம் தாங்கும்.

துளையைச் சுற்றி மட்டும் வளையமாகப் பூத்திருந்தால் இரண்டு உலோகம் சண்டை போடுகிறது. உப்பு ஈரத்தில் அலுமினியமும் பித்தளையும், அல்லது அலுமினியமும் எவர்சில்வரும் ஒட்டி இருந்தால் கரைவது அலுமினியம்தான். எது பெரியது என்பதில் விளைவு மாறும். அலுமினியச் செதிலில் எவர்சில்வர் வளையம் போட்டால் அரிப்பு பெரிய பரப்பில் பரவி மெதுவாக நடக்கும், கழுவிக் காயவைத்தால் சமாளிக்கலாம். எவர்சில்வர் செதிலில் அலுமினிய வளையம் போட்டால் பெரிய செதில்கள் எல்லாம் சேர்ந்து சின்ன வளையத்தைத் தின்றுவிடும். அந்தச் சேர்க்கையை இந்தக் கரையில் செய்யவே கூடாது. பித்தளை வளையமும் அலுமினியச் செதிலும் போட்டோவில் அழகாக இருக்கும். கடற்கரை வேஷத்துக்கு ஆகாது.

வாலின் உள்பக்கம் மட்டும் பூத்திருந்தால் உள்ளே பஞ்சு அடைத்திருக்கிறார்கள். பஞ்சு கடல் ஈரத்தையும் வியர்வையையும் குடித்துக்கொண்டு நாள் கணக்கில் விடாது. எடுத்து எறிந்துவிட்டு, கீழே சொல்லும் வலை மிதவைத் தண்டுக்கு மாறுங்கள்.

குண்டூசி முனை அளவு குழிகள் விழுந்த செதில் திரும்ப வராது, மாற்ற வேண்டியதுதான். குழி விழுந்த செதில் நூற்றைத் தாண்டினால் ஒட்டுப்போடும் வேலையை நிறுத்திவிட்டு, முழு வாலுக்கும் ஒரே உலோகத்தில் புதிதாகச் செதிலும் வளையமும் வரவழையுங்கள். பழைய செதிலை மறுபடி அனோடைஸ் செய்ய வேண்டுமானால் கோவை, சென்னை போன்ற தொழில் ஊர்களுக்குத்தான் அனுப்ப வேண்டும். செதில்களைத் தனித்தனியாகப் பிரித்துக் கொடுத்தால்தான் எடுப்பார்கள், கூலியைக் கேட்டால் புதுச் செதிலே மேல் என்று தோன்றும்.

வைக்கும் இடத்தையும் கவனியுங்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பார்த்த ஜன்னலோரம், வாடைக் காலத்தில் பெண் கடல் (பாக் விரிகுடா) பார்த்த சுவரோரம், இரண்டும் வாலைத் தொங்கவிடும் இடமல்ல. நன்றாகக் காய்ந்த பிறகு பழைய பருத்தித் துணியில் சுருட்டி, மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் மருந்து டப்பிகளில் வரும் சிலிக்கா பொட்டலம் நாலைந்து போட்டு வையுங்கள். அரைகுறை ஈரத்தோடு மூடினால் டப்பாவே வியர்க்கும்.

## அறிகுறி: பழுப்புக் கறை, சிவப்புத் துரு

காந்தத்தை வளையத்திடம் காட்டுங்கள். படாரென்று இழுத்து ஒட்டினால் அது ஜி.ஐ. கம்பி அல்லது கட்டுக்கம்பி. துத்தநாகப் பூச்சு போனதும் துரு ஓடும், தடவ எதுவும் இல்லை, வளையத்தை மாற்றுங்கள். லேசாக இழுத்தால் பயப்பட வேண்டாம். 304 ரக எவர்சில்வரைக் கம்பியாக இழுத்துச் சுற்றும்போது கொஞ்சம் காந்தத்தன்மை வந்துவிடும், கடைக்காரர் ஏமாற்றவில்லை.

304இல் கடற்கரையில் டீக்கறை மாதிரி பழுப்பு படிவது வழக்கம். அது மேலோடு நிற்கும், வலுவைக் குறைக்காது. வால் முழுவதும் எவர்சில்வர் என்றால் மட்டும், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 50 கிராம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைத்து அரைமணி நேரம் ஊறவைத்துக் கழுவலாம். ஒரே ஒரு அலுமினியச் செதில் இருந்தாலும் இதைச் செய்யாதீர்கள். இரும்பு நார் போட்டுத் தேய்க்கவும் கூடாது. நாரின் இரும்புத்தூள் இடுக்கில் ஒட்டி, அடுத்த வாரம் முன்பைவிட அதிகமாகத் துருப்பிடிக்கும். அடிக்கடி கடற்கரைக்குப் போகும் வால் என்றால் அடுத்தமுறை 316 ரக எவர்சில்வர் கம்பி கேட்டு வாங்குங்கள். மாலிப்டினம் சேர்ந்தது, உப்பைக் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடுதல்.

## அறிகுறி: பித்தளையில் பச்சை, அல்லது வளையம் படக்கென்று ஒடிகிறது

பச்சை என்றால் களிம்பு. தனிப் பித்தளை வால் என்றால் புளி போட்டுத் தேய்த்து, நன்றாக அலசி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு கை தடவுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம். சிக்குப் பிடித்து மணலை ஒட்டிக்கொள்ளும்.

களிம்பு அதிகம் இல்லாமலே வளையம் ஒடிந்தால் அம்மோனியாவைச் சந்தேகியுங்கள். சுற்றி இறுக்கிய பித்தளைக்கு அது ஆகாது. ஆங்கிலேயர் காலத்தில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயத்தில் வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாக விரிசல் விட்டதும் இதனால்தான். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவம் போட்டுத் துடைப்பதையும் மாட்டுத்தொழுவப் பக்கம் வைப்பதையும் நிறுத்துங்கள். ஒரே மாதத்தில் பத்து ஒடிந்திருந்தால் மீதியும் ஒடியும், மொத்த வளையத்தையும் மாற்றுங்கள்.

## அறிகுறி: செதில் புரண்டு எதிர்ப்பக்கம் நிற்கிறது

மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்கும், எதிர்த்துத் தடவினால் செதில் எழும்பும். இந்த வாலும் அப்படித்தான். நுனியைப் பிடித்துத் தூக்கினாலோ மடித்துப் பையில் திணித்தாலோ நாலைந்து செதில் பக்கத்துச் செதிலுக்கு அடியில் சிக்கிக்கொள்ளும். விரலால் எடுத்துவிட்டால் சரி.

எடுத்துவிட்டும் அதே செதில் திரும்பப் புரண்டால், அதன் குழிந்த பக்கம் வெளியே பார்க்கிறதா என்று பாருங்கள். பார்த்தால் கோக்கும்போதே தலைகீழாகப் போட்டிருக்கிறார்கள், நாலு வளையத்தையும் திறந்து திருப்பிப் போடுங்கள். அதுவும் இல்லை, வால் முழுக்க ஆங்காங்கே புரள்கிறது என்றால் வளையம் பெரிது. 8 மி.மீ. உள்விட்ட வளையத்தில் பின்னல் தளர்ந்து நன்றாக வளையும், ஆனால் புரளும். 6.4இல் கட்டுக்கோப்பாக நிற்கும். சொந்தமாகச் சுற்றுபவர்களுக்கு: 6 மி.மீ. தடித்த கம்பியின் மேல் வளையக் கம்பியைச் சுற்றிக் கைவிட்டதும் சுருள் தளர்ந்து 6.2க்கும் 6.4க்கும் நடுவில் நிற்கும், அது போதும்.

## அறிகுறி: கையிலும் வேட்டியிலும் கறுப்பு ஒட்டுகிறது

வெற்று அலுமினியம் உரசினால் சாம்பல் கறுப்பு வரும். புது வாலை லிக்விட் தண்ணீரில் இரண்டு மூன்று தடவை, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். அப்படியும் வந்தால் உள்பக்கத்துக்குக் கறுப்புத் துணியில் உறை தைத்துவிடுங்கள், அல்லது வளையத்தை அனோடைஸாகவோ எவர்சில்வராகவோ மாற்றுங்கள். வார்னிஷ் அடிக்கும் யோசனை வேண்டாம். வளையங்கள் உரசும் இடத்தில் முதல் நாளே செதிள் செதிளாக உரியும்.

## அறிகுறி: பெல்ட் இறங்குகிறது, இடுப்பைப் பின்னால் இழுக்கிறது

முதலில் பெல்ட்டை ஒரு துளை இறுக்கி, இடுப்பெலும்புக்கு மேலே கட்டிப் பாருங்கள். அடுத்து, வால் எத்தனை இடத்தில் தொங்குகிறது என்று எண்ணுங்கள். நடுவில் ஒரே கொக்கி என்றால் பெல்ட் அங்கே மடிந்து வால் கீழ்நோக்கி விழும். குறைந்தது நாலு இடம் வேண்டும், வெளி இரண்டுக்கும் நடுவே 15 செ.மீ. தூரம் இருக்கட்டும். பெல்ட் 50 மி.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது.

இதற்கும் மசியாவிட்டால் பின்தகடு போடுங்கள். தண்ணீர் பிடிக்கும் நீல டிரம் பழையதில் 20 × 12 செ.மீ. துண்டு வெட்டி, வெட்டிய விளிம்பை அரம் போட்டு மழுக்கி, பெல்ட்டுக்கு உள்பக்கம் வைத்து, வால் கொக்கிகளை அதன் துளைகள் வழியாக மாட்டுங்கள். டிரம்மின் வளைவே முதுகு வளைவுக்குப் பொருந்தும். எடை 1.5 கிலோவைத் தாண்டினால் பெல்ட்டை மட்டும் நம்பாமல், சட்டைக்கு உள்ளே குறுக்காகப் போகும் தோள்பட்டை வார் இரண்டு சேருங்கள்.

கூட்டத்தில் போகும் வாலுக்கு ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க வேண்டாம். யாராவது மிதித்தால் வால்தான் கழன்று வர வேண்டும், ஆள் மல்லாக்க விழக்கூடாது. பெல்ட் கொக்கிக்கும் வாலுக்கும் நடுவே அழுத்தினால் கழலும் பிளாஸ்டிக் பக்கிள் போடுங்கள், அல்லது பலமாக இழுத்தால் அறும் மெல்லிய நூல் முடிச்சு போடுங்கள்.

தையல் பிரிந்த தோல் பெல்ட்டைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுங்கள். வீட்டு ஊசியால் 3 மி.மீ. தோலைக் குத்தினால் ஊசி ஒடிந்து விரலில் ஏறும்.

## அறிகுறி: வால் செத்த மீன் மாதிரி தொங்குகிறது, ஆடவில்லை

உள்ளே தண்டு இல்லை, அல்லது தண்டு மொத்தமும் ஒரே விறைப்பு. இந்தக் கரையில் இதற்கு நல்ல சாமான் வலைக்கடையிலேயே கிடைக்கிறது, நடுவில் துளை உள்ள ஃபோம் வலை மிதவை. 6 மி.மீ. நைலான் கயிற்றில் பெரியதிலிருந்து சிறியதாக மிதவைகளைக் கோத்து, பெல்ட்டுப் பக்கத்து மூன்றில் ஒரு பங்கை நெருக்கி முடிச்சிடுங்கள். மீதியில் மிதவைக்கு மிதவை 5 மி.மீ. இடைவெளி விடுங்கள். மேல்பகுதி இடுப்போடு திரும்பும், நுனி ஒரு எட்டு தாமதமாக வந்து சேரும். ஆட்டம் அந்தத் தாமதத்தில்தான் இருக்கிறது.

எதிர்ப்பிரச்சினை, காற்றில் நுனி கண்டபடி அலைகிறது என்றால் கடைசி மிதவைக்குப் பின்னால் 20 முதல் 40 கிராம் எவர்சில்வர் நட்டு கட்டுங்கள். வலையில் போடும் ஈயக்குண்டு கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும், ஆனால் குழந்தை வாலில் அதைப் போடாதீர்கள். அந்தக் கை அடுத்து வாய்க்குப் போகும்.

## அறிகுறி: துணியைக் கடிக்கிறது, கீறுகிறது

நைலான் சேலைத் துண்டைச் செதில் போக்கிலும் எதிர்த்தும் ஒருமுறை இழுங்கள். மாட்டும் இடத்திலெல்லாம் ஒரு நூல் முடிச்சு போட்டு அடையாளம் வையுங்கள். வளைய வாய் என்றால் மூடுங்கள். செதில் விளிம்பு என்றால், தகடு வெட்டிச் சொந்தமாகச் செய்த செதிலாக இருக்கும். பிசிறை 400 நம்பர் தண்ணிப் பேப்பரால் தேய்த்து எடுங்கள். முந்நூறு செதிலுக்கு மேல் பிசிறு இருந்தால் பாத்திரம் மெருகு போடும் பட்டறையில் கொடுங்கள். அங்கே பஃப் வீலில் முடிந்துவிடும். சுழலும் பஃப் வீலில் பின்னிய வாலை முழுசாகக் காட்டக் கூடாது, கையோடு சுற்றிக்கொள்ளும். செதிலைத் தனியாகத்தான் கொடுக்க வேண்டும்.

## அறிகுறி: நிறம் மங்குகிறது

நுனியில் மட்டும் என்றால் தரையில் இழுபடுகிறது. மணல் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். செருப்போடு நின்று பார்த்து நுனி தரைக்கு ஒரு சாண் மேலே நிற்கும்படி கீழ் வரிசைகளைக் குறையுங்கள். வெயில் பட்ட பக்கம் மட்டும் என்றால் அனோடைஸ் சாயம் வெயிலில் வெளுத்திருக்கிறது. திரும்ப ஏற்ற முடியாது. வெளுத்ததை அடிப்பக்கத்துக்கும் அடிப்பக்கத்தை மேலேயும் மாற்றிக் கோத்துவிடுங்கள். மதியம் இரண்டு மணிக் கடற்கரை வெயிலில் செதில் தொடையைச் சுடும், அதற்காகவும் நிழலில் வையுங்கள்.

## அறிகுறி: இடுப்பில் அரிப்பு, தடிப்பு

பெல்ட் ஓரத்தில் மட்டும் சிவப்பு என்றால் உரசல். உள்ளே பருத்தித் துணி கட்டுங்கள். வளையம் பட்ட இடமெல்லாம் பொரிப்பொரியாக வந்து, கழற்றிய பிறகும் ஓரிரு நாள் நின்றால் நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், எவர்சில்வரில் நிக்கல் உண்டு. வாலைப் போடுவதை நிறுத்திவிட்டுத் தோல் டாக்டரைப் பாருங்கள்.

## மேடை ஏற அரைமணி நேரம் இருக்கும்போது

பையில் 20 செதில், 50 வளையம், கொறடு இரண்டு, 2.5 மி.மீ. கேபிள் டை பத்து, கொஞ்சம் தங்கூஸ் நரம்பு (தூண்டிலுக்கான நைலான் நரம்பு) இருக்கட்டும். செதில் தொலைந்த ஓட்டையில் மேலேயும் கீழேயும் உள்ள நாலு வளையத்தையும் ஒரு கேபிள் டையால் சேர்த்து இறுக்கி, டையின் மீதி முனையை ஒட்ட வெட்டுங்கள். மேல் வரிசைச் செதில் அதை மூடிக்கொள்ளும். கீழ் விளிம்பு என்றால் தங்கூஸ் நரம்பில் இரட்டை முடிச்சு போட்டு, லைட்டரால் முனையை உருக்குங்கள். அந்த இடத்தில் சிவப்பு நூல் ஒன்று கட்டிவையுங்கள். வீட்டுக்கு வந்து நல்ல தண்ணீரில் அலசும்போது, எந்த ஓட்டையை வளையம் போட்டு அடைக்க வேண்டும் என்று தேடாமல் தெரியும்.